பலகையில் பெயர் ஒருவருடையது, கல்லாவில் இருப்பவர் வேறொருவர்: சம்பளத்துக்கு யார் பொறுப்பு?



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இப்போது ஃபிரான்சைஸ் எடுத்துத் தேநீர்க் கடையும் பேக்கரியும் நடத்துகிறார்கள். இன்னும் சிலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் படித்துக்கொண்டே, மாலை நேரத்தில் இப்படிப் பெரிய பெயர் தாங்கிய கடைகளில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு தரப்பிலிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது. கடைக்காரர் கேட்பது: "கம்பெனி சொன்னபடிதான் எல்லாம் செய்கிறேன், ஆள் பிரச்சினை வந்தால் மட்டும் நான் மட்டுமா பொறுப்பு?" பிள்ளைகள் கேட்பது: "சம்பளம் குறைந்தால் கடைக்காரரைக் கேட்பதா, பலகையில் பெயர் போட்டிருக்கிற கம்பெனியைக் கேட்பதா?"

நான் வக்கீல் இல்லை. வரலாறு சொல்லிக் கொடுத்துப் பழகிய ஆள். அதனால் இந்தக் கேள்வி எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கிறது, ஏனென்றால் இந்த வியாபார முறை அங்கேதான் இப்படி வளர்ந்தது.

1. ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்த உரிமை

1886இல் அட்லாண்டா நகரில் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்துக்கடைக்காரர் ஒரு பாகு தயாரித்தார். அதில் சோடா கலந்து குவளையில் ஊற்றிக் கொடுப்பார்கள். அதுதான் கோகோ கோலா. பிறகு அது ஆசா கேண்ட்லர் என்பவர் கைக்கு வந்தது. அவருக்குக் குவளை வியாபாரத்தில்தான் நம்பிக்கை. பாட்டிலில் அடைத்து விற்பதில் அக்கறை காட்டவில்லை.

1899இல் சட்டனூகா நகரத்து வழக்கறிஞர்கள் இருவர், பெஞ்சமின் தாமஸ், ஜோசப் வைட்ஹெட், அவரிடம் வந்து பாட்டிலில் அடைக்கும் உரிமையைக் கேட்டார்கள். அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு அந்த உரிமையை அவர் ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு டாலரையும் அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை என்று சொல்வார்கள்.

அந்த இருவரிடமும் நாடு முழுக்கத் தொழிற்சாலை கட்டப் பணம் இல்லை. எனவே நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து உள்ளூர் வியாபாரிகளிடம் கொடுத்தார்கள். பாகு மட்டும் அட்லாண்டாவிலிருந்து போகும். கட்டடம், இயந்திரம், வண்டி, ஆட்கள் எல்லாம் உள்ளூர் முதலாளியுடையவை. பாட்டிலின்மேல் இருப்பது கம்பெனியின் பெயர். பாட்டில் கழுவுகிற தொழிலாளிக்குச் சனிக்கிழமை கூலி கொடுப்பதோ உள்ளூர் முதலாளி.

இந்த ஏற்பாட்டின் லாபத்தைக் கவனியுங்கள். பெயர்க்காரர் தன் முதலைப் போடாமல் நாடெங்கும் பரவினார். உள்ளூர்க்காரருக்கு ஏற்கெனவே பிரபலமான பெயர் கிடைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இருவருக்கும் நன்மைதான். பாட்டில் கழுவுகிறவர் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. நம் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2. "பெயரைக் கொடுக்கலாம், ஆனால் கண்காணிக்க வேண்டும்"

பழைய காலத்து நீதிமன்றங்கள் பெயரை இரவல் கொடுப்பதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தன. வணிகச் சின்னம், அதாவது டிரேட் மார்க், எதற்காக? "இந்தப் பொருள் இன்னாரிடமிருந்து வருகிறது" என்று வாங்குகிறவருக்குச் சொல்வதற்காக. வேறொருவர் செய்த பொருளின்மேல் என் பெயரை ஒட்ட அனுமதித்தால், வாங்குகிறவரை ஏமாற்றுவதாகாதா என்று கேட்டார்கள்.

ஆனால் வியாபாரம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1946இல் அமெரிக்கா புதிய வணிகச் சின்னச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. டெக்சாஸ் மாநிலத்து உறுப்பினர் ஃபிரிட்ஸ் லான்ஹாம் முன்னின்று கொண்டுவந்ததால் அதை லான்ஹாம் சட்டம் என்பார்கள். ஜூலை 5, 1946 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் ஒரு சமரசம் செய்தது: உன் பெயரை இன்னொருவர் பயன்படுத்தலாம், ஆனால் அந்தப் பொருளின் தன்மையும் தரமும் உன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

"கட்டுப்பாடு" என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள். இந்தப் பாடத்தின் மையமே அதுதான்.

1959இல் டோனட் மாவு விற்கும் ஒரு கம்பெனியின் வழக்கில், பெயரை லைசென்ஸ் கொடுத்தவர் சும்மா இருக்க முடியாது, வாங்கியவர் தரத்தைக் காக்கிறாரா என்று பார்ப்பது அவர் கடமை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கடமையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? 2002இல் கலிபோர்னியா வட்டாரத்து வழக்கு ஒன்றில் விடை கிடைத்தது. "லியோனார்டோ டா வின்சி" என்ற பெயரைத் திராட்சை மதுவுக்குப் பதிந்து வைத்திருந்த ஒரு நிறுவனம், அதை இன்னொரு நிறுவனத்துக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டு, தரத்தைச் சோதிக்க உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. நீதிமன்றம் அந்தப் பெயரின் மேல் அவர்களுக்கு இருந்த உரிமையே போய்விட்டது என்று தீர்ப்பளித்தது. அந்த மது மட்டமானது என்று யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கவனிக்காமல் விட்டதே குற்றமாகிவிட்டது.

ஆக, சின்னச் சட்டம் பெயர்க்காரரைப் பார்த்து "கண்ணை எடுக்காதே" என்கிறது.

தொழிலாளர் சட்டம் என்ன சொல்கிறது? யார் ஒருவருடைய வேலையைக் கட்டுப்படுத்துகிறாரோ அவரே முதலாளி என்கிறது. கூலி, வேலை நேரம், சேர்ப்பது, நீக்குவது, மேற்பார்வை இவற்றையெல்லாம் யார் முடிவு செய்கிறார் என்று பார்க்கிறது.

சிக்கல் புரிகிறதா? கட்டுப்படுத்தாவிட்டால் பெயர் போகும். அளவுக்கு மேல் கட்டுப்படுத்தினால் தொழிலாளிக்கு முதலாளி ஆகிவிட நேரும். ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்கள் அத்தனை தடிமனாக இருப்பதற்கு ஒரு காரணம், இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் நடக்கப் பார்ப்பதுதான்.

3. ரொட்டிக்கும் விதி, துடைப்பத்துக்கும் விதி

1940இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்கள் ஒரு உணவகம் தொடங்கினார்கள். 1948இல் அதை மூடி, சமையலறையைத் தொழிற்சாலை வரிசைபோல மாற்றியமைத்துத் திறந்தார்கள். உணவு வகைகளைக் குறைத்தார்கள். காருக்கே கொண்டுவந்து பரிமாறும் பணியாளர்களை நிறுத்தினார்கள். ஹாம்பர்கர் விலை 15 சென்ட். கூட்டம் குவிந்தது.

1954இல் மில்க் ஷேக் இயந்திரம் விற்கும் ரே கிராக் என்பவர் அங்கே வந்து பார்த்தார். இந்த முறையை நாடெங்கும் ஃபிரான்சைஸ் கொடுக்கும் உரிமையைப் பெற்றார். 1955 ஏப்ரல் 15 அன்று இல்லினாய்ஸ் மாநிலத்தின் டெஸ் பிளைன்ஸில் தன் முதல் கடையைத் திறந்தார். 1961இல் 27 லட்சம் டாலர் கொடுத்துச் சகோதரர்களிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அதே ஆண்டில் கடை நடத்துபவர்களுக்குப் பயிற்சி கொடுக்க "ஹாம்பர்கர் பல்கலைக்கழகம்" என்று ஒன்றும் தொடங்கப்பட்டது. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அது இன்றும் நடக்கிறது.

கிராக்கிடம் வேலை பார்த்த ஃபிரெட் டர்னர் கடை நடத்துவதற்கான கையேட்டை உருவாக்கினார். இறைச்சியை அடுப்பில் எப்படி வரிசையாக வைப்பது, உருளைக்கிழங்கை எவ்வளவு தடிமனாக நறுக்குவது, எதை எப்போது துடைப்பது என்று எல்லாவற்றுக்கும் விதி. இன்னொருவர் ஹாரி சோனபார்ன். அவர் யோசனைப்படி 1956 முதல் கம்பெனியே நிலத்தையும் கட்டடத்தையும் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ, கடை நடத்துபவருக்கு வாடகைக்கு விட்டது. அதனால் கடைக்காரர் ஒரே சமயத்தில் பெயருக்கு ராயல்டி கொடுப்பவர், கட்டடத்துக்கு வாடகை கொடுப்பவர். விதியை மீறினால் பலகையும் போகும், இடமும் போகும்.

இன்றைக்கு உலகத்தில் உள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் ஃபிரான்சைஸ்காரர்களால் நடத்தப்படுபவை. அங்கே தொப்பி போட்டு நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சட்டப்படி முதலாளி அந்தக் கம்பெனி அல்ல.

2015இல் இது பளிச்சென்று தெரிந்தது. அமெரிக்காவில் தன் ஊழியர்களுக்கு, உள்ளூர்க் குறைந்தபட்சக் கூலியைவிட மணிக்கு ஒரு டாலராவது கூடுதலாகத் தருவோம் என்று கம்பெனி அறிவித்தது. அது கம்பெனியே நேரடியாக நடத்தும் கடைகளின் ஊழியர்கள் சுமார் 90,000 பேருக்கு மட்டும். மற்ற கடைகளில் அதே சட்டை, அதே அடுப்பு, அதே வேலை செய்தவர்களுக்கு அந்த அறிவிப்பால் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் வேறு முதலாளியின் ஆட்கள்.

4. வழுக்கி விழுந்தவரும் முப்பது நிமிட பீட்சாவும்

நீதிமன்றங்கள் கோட்டை எங்கே போட்டன? மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 1975இல் வர்ஜீனியா. ஹாலிடே இன் என்ற பெயர் தாங்கிய ஒரு விடுதியில் தண்ணீர் தேங்கிய இடத்தில் வழுக்கி விழுந்த ஒரு பெண்மணி, பெயர்க்காரக் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். மாநில உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தது. கட்டடம் எப்படி இருக்க வேண்டும், பலகை எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. ஆனால் அன்றாட நிர்வாகம், ஊழியர்களைச் சேர்ப்பது, கூலி இவை கம்பெனி கையில் இல்லை. எனவே கம்பெனி பொறுப்பல்ல என்று தீர்ப்பு வந்தது. தரத்தைக் காக்கும் கட்டுப்பாடு வேறு, அன்றாடக் கட்டுப்பாடு வேறு என்ற பிரிவினை இப்படி வேரூன்றியது.

இரண்டாவது, டோமினோஸ் பீட்சா. முப்பது நிமிடத்தில் வராவிட்டால் சலுகை என்று ஒரு வாக்குறுதி கொடுத்து வளர்ந்த கம்பெனி. பீட்சா கொண்டுபோகும் பையன்கள் அவசரத்தில் வண்டியை ஓட்டினார்கள். 1993 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில், பீட்சா வண்டி மோதிக் காயமடைந்த ஒரு பெண்ணுக்கு நடுவர் குழு ஏழரைக் கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. தொகை பிறகு சமரசத்தில் குறைந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்ததும் கம்பெனி அமெரிக்காவில் முப்பது நிமிட வாக்குறுதியையே கைவிட்டது. மேலே உட்கார்ந்து போடும் ஒரு விதி, கீழே சைக்கிளிலும் காரிலும் போகிறவர் உடம்பை எப்படித் தொடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதும் டோமினோஸ்தான், 2014. கலிபோர்னியாவில் ஃபிரான்சைஸ்காரர் நடத்திய ஒரு கடையில் வேலை பார்த்த இளம்பெண், உதவி மேலாளர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று வழக்குத் தொடுத்தார். கடைக்காரர் மட்டுமல்ல, பெயர்க்காரக் கம்பெனியும் பொறுப்பு என்றார். மாநில உச்ச நீதிமன்றத்தில் 4 நீதிபதிகள் ஒரு பக்கம், 3 நீதிபதிகள் மறுபக்கம். ஊழியரைச் சேர்ப்பது, நடத்துவது, மேற்பார்வை, ஒழுங்கு நடவடிக்கை, நீக்கம் ஆகியவற்றில் பொதுவான அதிகாரத்தைக் கம்பெனி தன் கையில் வைத்திருந்தால்தான் அது பொறுப்பாகும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. கம்பெனி தப்பித்தது. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் தப்பித்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இந்தத் தீர்ப்பால் ஒரு பக்கவிளைவும் உண்டு. கம்பெனிகளின் வக்கீல்கள், "ஊழியர் விவகாரத்தில் வாயைத் திறக்காதீர்கள், நல்ல யோசனை இருந்தாலும் சொல்லாதீர்கள்" என்று ஆலோசனை கூறலானார்கள். ரொட்டி கருகினால் மறுநாளே ஆய்வாளர் வருவார். ஊழியரை அவமானப்படுத்தினால் "அது உங்கள் கடை விஷயம்" என்பார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

5. "கூட்டு முதலாளி": பத்து வருட இழுபறி

2012 நவம்பர் 29 அன்று நியூயார்க் நகரத்தில் துரித உணவுக் கடை ஊழியர்கள் சுமார் 200 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 15 டாலர் கூலியும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டார்கள். அப்போது மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது.

சங்கம் வைத்தால் யாரோடு பேச்சு நடத்துவது? கடைக்காரரோடு பேசினால், "எனக்கு வரும் லாபமே கொஞ்சம், ராயல்டியும் வாடகையும் கம்பெனி முடிவு" என்பார். கம்பெனியைக் கேட்டால், "அவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை" என்று சொல்லும். தொழிலாளி இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்பார்.

அமெரிக்காவில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் என்று ஒன்று உண்டு. 2014 டிசம்பரில் அந்த வாரியத்தின் தலைமை வழக்கறிஞர் தரப்பு, மெக்டொனால்ட்ஸைக் "கூட்டு முதலாளி" என்று குறிப்பிட்டு வழக்குப் பதிந்தது. கடைக்காரரோடு சேர்ந்து கம்பெனியும் முதலாளிதான் என்பது வாதம். கம்பெனி கொடுத்த கருவிகளும் கண்காணிப்பும் பெயரைக் காக்கத் தேவையான அளவைத் தாண்டி, ஊழியர் நிர்வாகத்துக்குள்ளேயே போகின்றன என்றார்கள்.

எல்லாக் கம்பெனியையும் இப்படிச் சொல்லவில்லை. 2015இல் ஃப்ரெஷ்ஷி என்ற சிறிய உணவகச் சங்கிலியைப் பார்த்து, அது ஊழியர் விஷயத்தில் தலையிடவில்லை, எனவே கூட்டு முதலாளி அல்ல என்று அதே அலுவலகம் கருத்துச் சொன்னது. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் நடைமுறையையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

2015 ஆகஸ்டில் பிரவுனிங்-ஃபெரிஸ் வழக்கு. அது ஃபிரான்சைஸ் அல்ல. கலிபோர்னியாவில் கழிவுகளைத் தரம் பிரிக்கும் இடத்துக்கு ஓர் ஆள் சப்ளை நிறுவனம் தொழிலாளர்களை அனுப்பிய விவகாரம். நேரடியாக அதிகாரம் செலுத்த வேண்டியதில்லை, மறைமுகமாகக் கட்டுப்படுத்தினாலும், அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் கையில் வைத்திருந்தாலும் கூட்டு முதலாளி ஆகலாம் என்று வாரியம் 3-க்கு 2 என்ற கணக்கில் முடிவெடுத்தது. ஃபிரான்சைஸ் உலகமே அதிர்ந்துபோனது.

பிறகு ஆட்சி மாறியது. வாரிய உறுப்பினர்கள் மாறினார்கள். மெக்டொனால்ட்ஸ் வழக்கு 2018இல் சமரசத்துக்கு வந்தது. விசாரித்த நீதிபதி அந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. 2019 டிசம்பரில் வாரியம் தலையிட்டு அதை ஏற்கச் சொன்னது. தொழிலாளர்களுக்குக் கிடைத்தது மொத்தம் சுமார் 1,70,000 டாலர். மெக்டொனால்ட்ஸ் கூட்டு முதலாளியா என்ற கேள்விக்கு விடையே எழுதப்படவில்லை. தேர்வில் பெரிய வினாவைத் தொடாமல் விட்டுவிட்டு வெளியே வருவதுபோல.

2020இல் புதிய விதி: நேரடியான, கணிசமான கட்டுப்பாடு இருந்தால்தான் கூட்டு முதலாளி. 2023இல் மறுபடியும் மாற்றினார்கள்: மறைமுக அதிகாரமே போதும். 2024 மார்ச்சில் டெக்சாஸ் மத்திய நீதிமன்றம் ஒன்று அந்த 2023 விதியைத் தள்ளுபடி செய்தது. பழைய 2020 விதியே நின்றது. பத்து வருடத்தில் தராசு இத்தனை முறை ஆடியது.

இதற்கிடையே கலிபோர்னியா வேறு வழி கண்டுபிடித்தது. யார் முதலாளி என்ற வாதத்தையே ஒதுக்கி வைத்துவிட்டு, நாடு முழுக்க 60 அல்லது அதற்கு மேல் கடைகள் உள்ள துரித உணவுச் சங்கிலிகளில் வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 20 டாலர் என்று சட்டம் செய்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரே ஒரு கடை வைத்திருப்பவரானாலும், அவர் மாட்டியிருக்கும் பலகை பெரியதானால் பெரிய கூலிதான். தொழிலாளிக்கு நல்லது. ஆனால் பணம் போவது கடைக்காரர் கல்லாவிலிருந்து. கம்பெனியையும் சேர்த்துப் பொறுப்பாக்கும் யோசனை ஒன்று முதலில் இருந்தது. பேச்சுவார்த்தையில் அது கைவிடப்பட்டது.

6. ஆஸ்திரேலியாவில் நம் பிள்ளைகள்

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

2015இல் ஆஸ்திரேலியாவில் ஏபிசி தொலைக்காட்சியும் ஃபேர்ஃபாக்ஸ் பத்திரிகைக் குழுமமும் சேர்ந்து 7-லெவன் கடைகளைப் பற்றி ஒரு புலனாய்வை வெளியிட்டன. அங்கே வேலை செய்தவர்களில் பலர் வெளிநாட்டு மாணவர்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது அப்போதைய விதி. சில கடைக்காரர்கள் அதைவிட இரண்டு மடங்கு வேலை வாங்கி, பாதி நேரத்துக்கு மட்டும் கணக்கு எழுதினார்கள். தாளில் கூலி சரியாக இருக்கும். உண்மையில் பாதிக் கூலி. வாயைத் திறந்தால், "விசா விதியை மீறி வேலை செய்தாய் என்று சொல்லிவிடுவேன்" என்று மிரட்டல்.

கடைக்காரர்கள் மட்டும்தான் கெட்டவர்களா என்று பார்த்தால், கணக்கு வேறொன்றும் சொன்னது. மொத்த லாபத்தில் 57 சதவீதம் தலைமை அலுவலகத்துக்கு. மீதி 43 சதவீதத்தில்தான் கடைக்காரர் சம்பளமும் கொடுத்துத் தானும் பிழைக்க வேண்டும். சட்டப்படி கூலி கொடுத்தால் பல கடைகள் தாங்காது என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். தலைமை அலுவலகம் ஒவ்வொரு பொருளின் விற்பனையையும் கணக்கிடும்போது, கூலி மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்றும் மக்கள் கேட்டார்கள்.

கடைசியில் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. ஃபிரான்சைஸ்காரர் நடவடிக்கைகளில் கணிசமான செல்வாக்கோ கட்டுப்பாடோ உள்ள கம்பெனி, கூலி மோசடி நடப்பது தெரிந்திருந்தும் அல்லது நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டியிருந்தும் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காவிட்டால், அதுவும் பொறுப்பு.

"நீதான் முதலாளி" என்று இந்தச் சட்டம் கம்பெனியைப் பார்த்துச் சொல்லவில்லை. "உன் பெயர், உன் ஆய்வாளர், உன் கணக்கு, தெரியாது என்று சொல்லாதே" என்கிறது. நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்ட ஏற்பாடு இதுதான்.

7. நம் நாட்டில்

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டமும் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும்தான் வழிகாட்டி. பெயரை லைசென்ஸ் கொடுப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 1995இல் ஒரு குளிர்பான வழக்கில் பேசியது. குஜராத்தில் பாட்டில் நிரப்பும் நிறுவனத்துக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கு அது. பெயருக்கு உரியவர் தரத்தில் கட்டுப்பாடு வைத்திருக்க வேண்டும் என்ற அதே கொள்கை அங்கேயும் வந்தது.

தொழிலாளர் பக்கத்தில் நம்மிடம் பழைய பலம் ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 1978இல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நடுவில் ஒப்பந்தக்காரர்கள் நின்றாலும், தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே உண்மையான முதலாளி என்ற கருத்தில் தீர்ப்பளித்தார். ஆனால் அது ஆலைக்குள் வேலை செய்தவர்களின் கதை. தனக்கென்று கடையும் முதலும் வைத்திருக்கிற ஃபிரான்சைஸ்காரரின் ஊழியர்களுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

2017இல் டெல்லியில் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். மெக்டொனால்ட்ஸுக்கும் வட, கிழக்கு இந்தியாவில் கடைகளை நடத்திய அதன் கூட்டாளி நிறுவனத்துக்கும் பல வருடத் தகராறு. உரிமங்கள் புதுப்பிக்கப்படாததால் ஜூன் மாதம் டெல்லியில் 43 கடைகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 1,700 பேர் அங்கே வேலை பார்த்தவர்கள். ஆகஸ்டில் 169 கடைகளின் ஒப்பந்தத்தையே கம்பெனி ரத்து செய்து, பெயரைப் பயன்படுத்தாதே என்றது. 2019இல் கூட்டாளியின் பங்கைக் கம்பெனி வாங்கிக்கொண்டதோடு தகராறு முடிந்தது. இரண்டு பெரியவர்கள் பெயருக்காக வழக்காடிய அந்த இரண்டு வருடமும் அடுப்படியில் நின்றவர்கள் நாளைக்கு வேலை உண்டா என்று காத்திருந்தார்கள்.

8. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது

ஃபிரான்சைஸ் எடுத்திருக்கும் அல்லது எடுக்கப்போகும் என் மாணவர்களுக்கு: ஒப்பந்தத்தில் இரண்டு பட்டியல் போட்டுப் பாருங்கள். கம்பெனி முடிவு செய்பவை ஒரு பக்கம். நீங்கள் முடிவு செய்பவை ஒரு பக்கம். விலை, சரக்கு, ராயல்டி, கடை நேரம் எல்லாம் முதல் பக்கத்தில் போய், சம்பளம் மட்டும் உங்கள் பக்கத்தில் நின்றால், எந்த நெருக்கடி வந்தாலும் அது உங்கள் ஊழியர் தலையில்தான் இறங்கும். ராயல்டி விற்பனையின் மேலா, லாபத்தின் மேலா என்று கேளுங்கள். பெரும்பாலும் விற்பனையின் மேல்தான் இருக்கும். நஷ்டத்திலும் கட்ட வேண்டும். சட்டப்படியான சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் கணக்கில் போட்டு, அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். ஊழியர் வயிற்றில் கைவைத்தால்தான் கடை ஓடும் என்றால் அந்தக் கடையே வேண்டாம்.

அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு: சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று முதல் மாதமே பாருங்கள். அவர்தான் சட்டப்படி உங்கள் முதலாளி. தினமும் எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளியில் டைரி எழுதச் சொன்னபோது முணுமுணுத்தீர்கள். இந்த டைரி பணமாக மாறும். விசாவை ரத்து செய்வது அரசாங்கத்தின் வேலை, கடைக்காரரின் வேலை அல்ல. ஆஸ்திரேலியாவில் ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் என்ற அரசு அலுவலகம் இதற்கென்றே இருக்கிறது. பயந்து ஒளிந்துகொள்ளாமல் அங்கே கேளுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பெரிய பலகையின் கீழே நின்று சாப்பிடும்போது, பரிமாறும் பிள்ளையிடம் கோபப்படுமுன் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகைக்கும் அவனுக்கும் நடுவில் எத்தனை ஒப்பந்தம் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

உங்களில் ஃபிரான்சைஸ் கடை நடத்துபவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். கடையின் பெயரோ ஆளின் பெயரோ வேண்டாம், நடந்தது மட்டும் போதும். வழக்கறிஞர்களாக இருக்கும் மாணவர்கள், சட்டத்தில் புதிதாக மாறியிருப்பது இருந்தால் சேர்த்து எழுதுங்கள். எல்லோரும் படித்துப் பயன்பெறட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்